ஹாஸ்பிஸிலிருந்து வெளியே வருவது: கையெழுத்துக்கு முன் தேதியைப் பாருங்கள்

தம்பி, இதயம் தளர்ந்துபோன உங்கள் தந்தை இரண்டு மாதமாக வீட்டிலேயே ஹாஸ்பிஸ் பராமரிப்பில் (வாழ்வின் இறுதிக்கட்டத்தில், நோயைக் குணப்படுத்த முயலாமல் வலியையும் அவதியையும் தணிக்கும் பராமரிப்பு) இருக்கிறார் என்றும், இப்போது பசித்துச் சாப்பிட்டு, ஜன்னல்வரை நடந்து, பழைய இதய மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெளியே வரலாமா, வந்தால் மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) கைவிட்டுவிடுமா, பிறகு திரும்பிச் சேர முடியுமா என்பவை உங்கள் கேள்விகள்.

வெளியே வரலாம். எந்த நாளிலும் வரலாம், காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. ஹாஸ்பிஸில் சேர்வது என்பது, அந்த நோயைக் குணப்படுத்தும் சிகிச்சைக்கு மெடிகேர் பணம் கொடுப்பதை நோயாளி தானாக விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு. விட்டுக்கொடுத்ததைத் திரும்பப் பெறும் உரிமையும் அவருடையதே. அமெரிக்காவில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்த பிறகும் எனக்கு இது என் தாயாரின் விஷயத்தில்தான் தெரியவந்தது, அதுவும் தவறு செய்த பிறகு.

நுரையீரல் நோய்க்காக அம்மா ஹாஸ்பிஸில் இருந்தபோது, ஓர் இரவு குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்க, ஹாஸ்பிஸிலிருந்து வந்தவர், "மருத்துவமனைச் செலவை மெடிகேர் ஏற்க வேண்டுமென்றால் இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு தாளை நீட்டினார். அது ஹாஸ்பிஸை ரத்து செய்யும் படிவம் என்று படித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. அம்மாவின் பிரதிநிதியாகக் கையெழுத்திட்டேன். மூன்றாம் நாள் காலை ஒரு வேன் வந்து கட்டிலையும் ஆக்ஸிஜன் கருவியையும் எடுத்துப் போனது. கம்பளத்தில் கட்டிலின் நான்கு சக்கரங்கள் அழுந்திய குழிகள் மட்டும் மிஞ்சின. எலும்பு முறிவு ஹாஸ்பிஸில் சேர்ந்த நோயோடு தொடர்பில்லாதது என்றால் அந்தச் சிகிச்சைக்கு வழக்கமான மெடிகேரே பணம் கொடுத்திருக்கும் என்பதும், ரத்து செய்யும்படி நோயாளியைக் கேட்பதற்கோ வற்புறுத்துவதற்கோ ஹாஸ்பிஸ் நிறுவனத்துக்கு இடமில்லை என்பதும் பின்னால் தெரிந்தன. அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

ஆகவே முதலில் எந்த வழியாக வெளியே போகிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள். உங்கள் தந்தை தாமே விலகினால் அது ரத்து; அதற்கு அவரோ அவருடைய சட்டப்படியான பிரதிநிதியோ எழுத்தில் கையெழுத்திட வேண்டும், வாய்ச்சொல் செல்லாது, தேதியையும் பின்னோக்கிப் போட முடியாது. தேதி இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்திடாதீர்கள். ஹாஸ்பிஸ் மருத்துவர், "இவருக்கு ஆறு மாதத்துக்குள் முடிவு வரும் என்று இனிச் சான்று கூற முடியாது" என்று சொல்லி அனுப்பினால் அது விடுவிப்பு. அதற்கு நீங்கள் கையெழுத்திட்டு ரத்து செய்யத் தேவையில்லை. இரண்டும் வீட்டில் ஒன்றுபோலவே தோன்றும், ஆனால் விடுவிப்பில்தான் உங்களுக்கு மேல்முறையீடு உண்டு. பராமரிப்பு முடிவதற்குக் குறைந்தது இரண்டு நாளுக்கு முன் அவர்கள் எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். அதிலுள்ள எண்ணுக்கு, முடிவு தேதிக்கு முந்தைய நாள் நண்பகலுக்குள் நீங்கள் தொலைபேசியில் அழைத்தால், ஹாஸ்பிஸோடு தொடர்பில்லாத ஒரு பரிசீலனை அமைப்பு விரைவாகப் பார்த்துச் சொல்லும். நர்ஸ் "இவர் இனித் தகுதி பெறமாட்டார் போலிருக்கிறது" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த அறிவிப்பு வருகிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் மீதுதான் மனக்குறை என்றால் விலகவே வேண்டாம். ஒரு பலன்காலத்தில் (மருத்துவரின் ஒரு சான்றுக்கு மெடிகேர் அனுமதிக்கும் நாட்கள்) ஒரு முறை வேறு ஹாஸ்பிஸுக்கு மாறிக்கொள்ளலாம்.

ஆறு மாதம் என்பது கெடு அல்ல. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2023 பிப்ரவரியில் ஹாஸ்பிஸில் சேர்ந்து 2024 டிசம்பர் இறுதியில்தான் காலமானார். பத்தி எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் 2006 தொடக்கத்தில் டயாலிசிஸ் வேண்டாமென்று ஹாஸ்பிஸுக்குப் போனார். சிறுநீரகம் மறுபடி வேலை செய்யத் தொடங்கவே கோடையில் வெளியே வந்து, 2007 ஜனவரிவரை வாழ்ந்தார். மெடிகேர் கணக்கில் பலன்காலம் முதலில் 90 நாட்கள், பிறகு இன்னொரு 90, அதன்பின் மருத்துவர் சான்று தரும்வரை 60 நாட்களாக எத்தனை முறை வேண்டுமானாலும் நீளும். உங்கள் தந்தை அறுபதாவது நாளில் ரத்து செய்தால் முதல் காலத்தின் மிச்சமுள்ள 30 நாட்கள் போய்விடும். தகுதி இருந்து மறுபடி சேரும்போது இரண்டாவது 90 நாட்களிலிருந்து தொடங்கும். இதை எண்ணிப் பலர் பயப்படுகிறார்கள். என் கருத்தில் பெரிய இழப்பு இது அல்ல.

பெரிய இழப்பு நடுவில் விழும் இடைவெளியில் இருக்கிறது. கட்டில், ஆக்ஸிஜன், மருந்துகள் எல்லாம் ஹாஸ்பிஸின் வழியாக வந்தவை. விலகிய நாளோடு அவை நிற்கும். மார்ஃபின் போன்ற மருந்துக்குப் பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்க முடியாது, ஒவ்வொரு முறையும் மருத்துவர் புதிதாக எழுத வேண்டும். எனவே இதய மருத்துவரின் முன்பதிவு, ஆக்ஸிஜனுக்கான புதிய ஆணை, வலி மருந்து எழுதப்போகிற மருத்துவர் ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகு ரத்துத் தேதியைக் குறியுங்கள். அவர் அட்வான்டேஜ் திட்டத்தில், அதாவது மெடிகேரைத் தனியார் நிறுவனம் வழியாகப் பெறும் திட்டத்தில், இருப்பதாகச் சொல்கிறீர்கள். நடுமாதத்தில் விலகினால் அந்த மாத இறுதிவரை கட்டணங்கள் அரசே நேரடியாக நடத்தும் அசல் மெடிகேருக்கே போகும், அடுத்த மாதம் முதல் தேதியில்தான் திட்டம் திரும்பப் பொறுப்பேற்கும். இடையில் மருத்துவரிடம் போனால் சிவப்பு, வெள்ளை, நீலக் கோடு போட்ட அந்தக் காகித மெடிகேர் அட்டையைக் கொண்டுபோங்கள்.

குளிர்பதனப் பெட்டியின் கதவில், இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம் என்னும் ஆணை ஒட்டப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஹாஸ்பிஸ் முடிந்ததும் அது தானாகக் காலாவதியாவதில்லை. அவருடைய மனம் அதிலும் மாறியிருந்தால் மருத்துவரோடு பேசிப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். இல்லையேல் சிகிச்சையை விரும்பிய மனிதரை ஆம்புலன்ஸ்காரர்கள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மீட்காமல் விட்டுவிடக்கூடும்.

இத்தனைக்கும் முன்னால் ஒன்று. அவர் கேட்பது சிகிச்சையா, பழக்கமான மருத்துவரின் முகமா? பின்னது என்றால் ஹாஸ்பிஸில் இருந்துகொண்டே அவர்கள் மூலம் அந்த மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மூச்சுத் திணறலைக் குறைக்கும் மருந்துகள் பல ஹாஸ்பிஸிலேயே கிடைக்கும். முன்னதுதான் என்றால், வெளியே வந்த பிறகு சிகிச்சையோடு சேர்ந்தே, வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்பு மருத்துவரையும் பார்க்கலாம், அதற்கு ஆறு மாதக் கணக்குக் கிடையாது. இதை நீங்கள் மொழிபெயர்த்துக் கேட்காதீர்கள். மகன் வாயால் கேட்டால் அப்பாக்கள் மகனுக்கு எது எளிதோ அதைச் சொல்வார்கள். இந்தியாவிலிருந்து தொலைபேசியில் முடிவெடுக்கும் அக்காவும் மாமாவும் வேறு இருப்பார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று ஹாஸ்பிஸிடம் கேளுங்கள், கட்டணமின்றி ஏற்பாடு செய்வது அவர்கள் கடமை. அவர் வந்து பேசும் அரைமணி நேரம் நீங்கள் அடுத்த அறையில் இருங்கள்.