பிள்ளை வேண்டாம் என்கிறார், என் மனசு சுருங்குகிறது

கேள்வி: காரைக்குடியில் இரண்டு வருடமாகக் கவுன்சலிங் செய்கிறேன். நகரத்தார் வீட்டு மருமகள் ஒருவர் வருகிறார், 30 வயது. பிள்ளை வேண்டாம் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். மாமியாரின் நெருக்கடியால் அவருக்குத் தூக்கமே இல்லை. நானோ ஒரு பிள்ளைக்காக எட்டு வருடம் தவம் கிடந்தவள். அவர் பேசப் பேச என் மனசு சுருங்குகிறது. வேறொருவரிடம் அனுப்பிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர் அவர். நீங்களும் கைகழுவினால், தன் முடிவுதான் தப்போ என்று நினைத்துக்கொண்டு போவார். அமெரிக்க கவுன்சலிங் சங்கத்தின் 2014 நெறிமுறை, ஆலோசகரின் சொந்த மதிப்பீடுகளை மட்டும் காரணமாக வைத்து ஒருவரை வேறிடத்துக்கு அனுப்பக் கூடாது என்கிறது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அதிலுள்ள நியாயம் நமக்கும் பொருந்தும்.

நீங்கள் அவருக்கு அறிவுரை எதுவும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நம் மதிப்பீடு பெரும்பாலும் கேள்வி வழியாகத்தான் கசியும். "பின்னால் வருத்தப்பட மாட்டீர்களா?" என்று கேட்டீர்களா? பிள்ளை வேண்டும் என்று வருகிறவரிடமும் அதைக் கேட்பீர்களா? மாமியாரைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, முடிவைப் பற்றிப் பேசும்போது நோட்டில் குனிந்துகொள்கிறீர்களா? ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும் நீங்கள் கேட்ட கேள்விகளை மட்டும் எழுதிப் பாருங்கள். மூன்று வாரத்தில் சாய்வு தெரிந்துவிடும்.

சரி, சாய்ந்துவிட்டோம் என்று பயந்து எதிர்ப்பக்கம் சாய்வதும் தப்பு. மாமியாரை வில்லியாக்காதீர்கள். கல்யாணமானால் நகரத்தார் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம்; வாரிசு இல்லையென்றால் பிள்ளை கூட்டியாவது, அதாவது தத்தெடுத்தாவது, வீடு தொடர வேண்டும் என்று வளர்ந்தவர் அவர். கல்யாணமான மகனை அதே வளவுக்குள், அதாவது அதே பெரிய வீட்டுக்குள், தனி அடுப்போடு வேறு வைத்து, அவர்கள் குடித்தனத்தை அவர்களிடமே விட்டதும் அதே மரபுதான். இதில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை அந்தப் பெண்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் எட்டு வருடத்தை அவரிடம் சொல்லாதீர்கள். சொன்னால் அவர் உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார். அந்த வேதனைக்கும் ஓர் இடம் வேண்டும், அதற்கு நீங்களே ஒருவரிடம் போய் உட்காருங்கள். 2021இல் தன்பாலின இணையர் வழக்கொன்றை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன் முன்முடிவுகளைப் புரிந்துகொள்ள ஓர் உளவியலாளரிடம் அமர்ந்தார், அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

அப்புறம், மூத்த ஆலோசகர் ஒருவரின் மேற்பார்வை அவசியம். மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவரிடம் பேசுங்கள். பெயரை மறைத்தால் மட்டும் போதாது. எந்தக் கோயிலைச் சேர்ந்த நகரத்தார் குடும்பம், எந்த ஊர் என்று சொன்னாலே நம் பக்கத்தில் ஆள் தெரிந்துவிடும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமை என்கிறது. மாமியார் கோயிலில் பார்த்து விசாரித்தாலும், மருமகள் உங்களிடம் வருவதைக்கூட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் பேசும்போது உங்கள் கதைதான் காதில் விழுகிறது என்றால், அப்போது அனுப்பலாம். குறை என்னுடையது என்று தெளிவாகச் சொல்லி, அடுத்தவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்த பிறகே விலகுங்கள்.

அதற்கு முன், அடுத்த சந்திப்பில் இதைக் கேளுங்கள்: "நான் ஏதாவது ஒரு பக்கம் சாய்கிற மாதிரி உங்களுக்குத் தோன்றியதா?" கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள்.