இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பறவை பார்க்க எந்தப் பருவம் நல்லது?
ஒரு முறைதான் போக முடியும் என்றால் குளிர்காலத்தில் போங்கள். ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியிருக்கும். அறுவடை முடிந்த சர்க்கரை பீட் வயல்களில் மிச்சம் கிடக்கும் கிழங்குத் துண்டுகள்தான் அவற்றின் முக்கியத் தீனி. பகலெல்லாம் மேய்ந்துவிட்டு, பொழுது சாயும்போது கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டே கடலோரச் சேற்றுவெளிக்குப் பறக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கவே போகலாம்.

வசந்தத்தில் கிளே, டிட்ச்வெல் சதுப்புநிலங்களில் கோணமூக்கு உள்ளான் கூடு கட்டும். மேல்நோக்கி வளைந்த மெல்லிய அலகைத் தண்ணீரில் இடமும் வலமும் வீசி இரை தேடும் அழகே தனி. கோடையில் அதன் குஞ்சுகள்.

அப்புறம், இலையுதிர் காலத்தில் ஸ்னெட்டிஷம் கடற்கரைக்குப் போவதானால் பெரிய ஓதம் (கடல் நீர் ஏற்றம்) வரும் நாளாகப் பாருங்கள். நீர் ஏற ஏற, நாட் என்ற உள்ளான்கள் சேற்றை விட்டு மொத்தமாக எழும்பும்.