சிங்கம் வேண்டாம், நட்சத்திரம் போடுங்கள்

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஒரு பிரிண்டிங் யூனிட் நடத்துகிறேன். ஏஜென்ட் ஒருவர் மூலமாக எத்தியோப்பியாவுக்கு 3,000 டி-ஷர்ட் ஆர்டர் வந்திருக்கிறது. மார்பில் அந்த நாட்டுக் கொடி. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய டிசைனில் நடுவில் சிங்கம் இருக்கிறது. என் மகன் நெட்டில் பார்த்துவிட்டு, "நட்சத்திரம்தான் வரணும்" என்கிறான். ஏஜென்ட், "ரெண்டும் ஒண்ணுதாங்க, ஸ்க்ரீன் போடுங்க" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: மகன் சொல்வதுதான் சரி. ஸ்க்ரீன் போடுவதை இன்றே நிறுத்துங்கள்.

மேலே பச்சை, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு. எத்தியோப்பிய மன்னர் மெனெலிக் காலத்திலிருந்து இந்த மூன்று நிறங்கள் மாறவில்லை. 1896-ல் அத்வா என்ற இடத்தில் நடந்த போரில் இத்தாலியப் படையைத் தோற்கடித்த நாடு என்பதால்தான் 1957-ல் விடுதலை பெற்ற கானா முதலாகப் பல ஆப்பிரிக்க நாடுகள் இதே நிறங்களை எடுத்துக்கொண்டன. சண்டையெல்லாம் நடுவில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான்.

சிங்கம் அரச வம்சத்தின் சின்னம். 1974-ல் பேரரசர் ஹைலே செலாசியை ராணுவம் பதவியிலிருந்து இறக்கியதும் முதலில் சிங்கத்தின் கிரீடம் போனது, அடுத்த வருடம் சிங்கமே போனது. 1991-ல் ஆட்சியைப் பிடித்தவர்கள் நாட்டை மொழி, இன அடிப்படையில் மாநிலங்களாகப் பிரித்தார்கள். எல்லா இனங்களும் சமமாகச் சேர்ந்து வாழும் நம்பிக்கைக்கு அடையாளமாகக் கொடியின் நடுவில் ஒரு சின்னம் இருக்கும் என்று 1995 அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். 1996-ல் வந்த நீல வட்டமும் மஞ்சள் நட்சத்திரமும் அதுதான். 2009-ல் வந்த கொடிச் சட்டம், சின்னம் இல்லாத கொடியைப் பயன்படுத்துவதையே குற்றமாக்கியது.

ஆக, தலைநகர் அடிஸ் அபாபா தெருவில் ஒருவர் சிங்கத்தோடு நடந்தால் "பழைய அரசாட்சிக்கு ஏங்குகிறவர்" என்று பார்ப்பார்கள். ஒரோமோ இன மக்களில் பலருக்கு அந்தச் சிங்கம் தங்கள் நிலத்தைப் பிடித்த பேரரசின் முகம். நட்சத்திரமோ, "இன வாரியாக நாட்டைத் துண்டாடியவர்கள் ஒட்டிய முத்திரை" என்று வேறு பலருக்கு எரிச்சல். வெறும் மூன்று பட்டை போட்டால் அதுவும் ஒரு கட்சி கட்டுவதுதான். எதை அச்சடித்தாலும் யாராவது முகம் சுளிப்பார்கள். ஆனால் போலீஸ் கை வைக்காதது நட்சத்திரம் ஒன்றுதான்.

உங்கள் ஏஜென்ட் அடுத்து என்ன சொல்வார் என்றும் எனக்குத் தெரியும். "அப்போ நடுவுல எதுவும் வேண்டாம், பிளெய்னா விட்டுடுங்க. ஒரு கலர் மிச்சம்" என்பார். சர்ச் விழாவுக்கான சரக்கு என்று கூடச் சேர்த்துச் சொல்வார். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஜனவரியில் வரும் திம்கெத் திருவிழாவில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ இளைஞர்கள் வெறும் மூவர்ணத்தைத்தான் பிடித்து வருவார்கள். நோவாவுக்குக் கடவுள் காட்டிய வானவில்லின் நிறம் என்பது அவர்கள் நம்பிக்கை. 2018-ல் அபிய் அகமது பிரதமரான புதிதில் கெடுபிடி தளர்ந்து, அதே கொடி தலைநகரின் பொதுக்கூட்டங்களில் ஆயிரக்கணக்கில் பறந்தது. சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. பிறகு மறுபடியும் இறுக்கினார்கள்; 2022 திம்கெத் ஊர்வலத்தில் இந்தக் கொடி விவகாரம் மோதலாகி உயிர்ப்பலி வரை போனது. ஒரு வருடம் கண்டுகொள்ளாமல் விடுவது, மறுவருடம் சட்டையைக் கழற்றச் சொல்வது. இப்படி ஓர் அரசாங்கம் நடந்தால் தொழில் செய்கிறவன் எதை நம்பிச் சாயம் கலக்குவான்? எனவே சர்ச்சுக்கே போகும் சரக்கு என்றாலும், வாங்குகிற அமைப்பின் கடிதம் நேரடியாக உங்கள் கைக்கு வரும்வரை பிளெய்ன் வேண்டாம். கடிதம் வந்தாலும் மூன்று பட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதன்மேல் வேறு எந்தப் படமும் எழுத்தும் ஏற்ற வேண்டாம்.

சிங்கம் டிசைன் எங்கிருந்து வந்திருக்கும்? ஜமைக்காவின் ராஸ்தாஃபாரி என்ற மதப் பிரிவினருக்கு ஹைலே செலாசி கடவுள். அவர்களோடு சேர்ந்த ரெகே இசையின் ரசிகர்களுக்காக உலகமெங்கும் விற்கும் சட்டைகளில் இருப்பது அந்தச் சிங்கம்தான். ஏஜென்ட் கூகுளில் முதலில் கிடைத்த படத்தை எடுத்து உங்களுக்குத் தள்ளியிருப்பார். பட்டைகளையும் சரிபாருங்கள், ரெகே சட்டைகளில் பல நேரம் சிவப்பு மேலே வந்துவிடும்.

அச்சு வேலைக்கு ஒரு குறிப்பு. நீல வட்டம் மஞ்சள் பட்டைக்குள் அடங்காது, பச்சையிலும் சிவப்பிலும் ஏறி நிற்கும். நட்சத்திரம் முழுதாக நிரப்பியது அல்ல, கோடுகள் பின்னிய ஐந்து முனை. முனைகளுக்கு இடையே கதிர்கள். ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடம், கொஞ்சம் நகர்ந்தாலும் அசிங்கமாகத் தெரியும்.

ஏஜென்ட் மேல் எனக்கு ஏன் இவ்வளவு சந்தேகம் என்றால், கொடி தப்பானால் நஷ்டம் அவருக்கு இல்லை. எத்தியோப்பியாவுக்குக் கடல் கிடையாது. சரக்கு பெரும்பாலும் பக்கத்து நாடான ஜிபூத்தியின் துறைமுகத்தில் இறங்கித்தான் உள்ளே போகும். அங்கே தேங்கினால் வாடகை, திருப்பி எடுத்தால் கப்பல் கூலி, இரண்டும் உங்கள் தலையில். அங்கே டாலர் தட்டுப்பாடும் பல வருடக் கதை, பணம் இழுத்தடிக்க அதுவே போதுமான சாக்கு. நம் ஊரில் ஏற்றுமதிக்கு இத்தனை படிவம் கேட்கிறார்கள், அதில் ஒன்றாவது "கொடி சரியா" என்று கேட்கிறதா? கிடையாது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். நட்சத்திரம் போட்ட ஆர்ட்வொர்க்கை பி.ஓ. (கொள்முதல் ஆணை) எண்ணோடு, சரக்கை வாங்கும் பையரின் சொந்த மெயிலுக்கே அனுப்பி, அப்ரூவ்ட் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜென்டின் வாட்ஸ்அப் கட்டைவிரல் ஒப்புதல் ஆகாது. நம் ஊர் வங்கி உறுதி கொடுத்த எல்.சி. (பணத்துக்கான வங்கி உத்தரவாதக் கடிதம்) இல்லாவிட்டால் பாதிப் பணமாவது முன்பணமாக வரட்டும். பையரின் மெயில் முகவரியைத் தர ஏஜென்ட் மறுத்தால் இந்த ஆர்டரை விட்டுவிடுங்கள்.