'ஆர்' ஒன்றா, இரண்டா?

கேள்வி: அலுவலக மின்னஞ்சல்களில் 'நிகழ்ந்தது' என்னும் பொருளில் 'அக்கர்ட்' என்று எழுதும்போது ஒரு 'ஆர்' போடுகிறேன், 'ஆஃபர்ட்' என்று எழுதும்போது இரண்டு போடுகிறேன். இரண்டுமே தவறு என்று மேலாளர் திருத்தி அனுப்புகிறார். அவர் சொன்னபடி 'டிராவல்ட்' என்பதற்கு இரண்டு 'எல்' போட்டாலோ கணினி சிவப்புக் கோடு போடுகிறது. இதற்கு விதி உண்டா, மனப்பாடம்தான் வழியா?

பதில்: விதி உண்டு. அதில் பாதியை நீங்கள் தமிழ் இலக்கண வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். 'தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்கிறது நன்னூல். கல் என்பதோடு ஐ சேர்ந்தால் கல்லை என்றாகிறது. கால் என்பதோடு சேர்ந்தால் காலை என்று ஒற்றை லகரத்தோடு நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தின் ஓரசைச் சொற்களும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கின்றன. 'ஸ்டாப்' என்பதில் ஒற்றை உயிரெழுத்தும் அதையடுத்து ஒற்றை மெய்யும் இருப்பதால், உயிரில் தொடங்கும் விகுதி வந்து சேரும்போது 'பி' இரட்டிக்கிறது. 'ரெயின்' என்பதில் உயிரெழுத்துகள் இரண்டு என்பதால் 'என்' இரட்டிப்பதில்லை. 'ஷிப்பிங்' என்பதற்கு இரண்டு 'பி' போடும் நாம் 'ஷிப்மென்ட்' என்பதற்கு ஒன்றே போடுவதற்குக் காரணம், பின்னதில் விகுதி மெய்யில் தொடங்குவதுதான். தமிழில் ர, ழ இரட்டிக்காததைப் போல ஆங்கிலத்தில் 'டபிள்யூ', 'எக்ஸ்', 'ஒய்' ஆகியவை இவ்விடங்களில் இரட்டிப்பதில்லை.

இந்த இரட்டிப்பு, முன்னால் உள்ள உயிரைக் குறுக்கி ஒலிக்க வேண்டும் என்பதற்கான அடையாளம். 'உங்கள் பதிலை நம்பியிருக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் எழுத நினைத்து 'ஹோப்பிங்' என்பதில் ஒரு 'பி' கூடுதலாகப் போட்டுவிட்டால், பதிலுக்காக ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருப்பதாகப் பொருள் வந்துவிடும்.

உங்கள் சிக்கல் ஈரசைச் சொற்களில் இருக்கிறது. அங்கே அசையழுத்தம் என்ற ஒன்று குறுக்கிடுகிறது. தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல் மாறாது. ஆகவே நம் காது அதைக் கவனிக்கப் பழகவில்லை. ஆங்கிலத்திலோ எழுத்துக்கூட்டலையே அது தீர்மானிக்கிறது. 'அக்கர்' என்பதில் அழுத்தம் இறுதி அசையில் விழுவதால் 'ஆர்' இரட்டிக்கிறது. 'ஆஃபர்' என்பதில் முதலசையிலேயே விழுந்துவிடுவதால் இரட்டிப்பதில்லை. 'பிகின்', 'அட்மிட்', 'ரெஃபர்', 'பிரிஃபர்' ஆகியவை முதல் வகை. 'ஓப்பன்', 'விசிட்', 'லிசன்' ஆகியவை இரண்டாம் வகை. ஐயம் வந்தால் அகராதியில் உச்சரிப்புக் குறிப்பைப் பாருங்கள். மேற்பக்கமாக ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும். அதற்கு அடுத்து வரும் அசைதான் அழுத்தம் பெறுவது.

இந்த விதி எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 'ரெஃபர்' ஒன்றே போதும். அதன் இறந்தகால வடிவத்தில் இரண்டு 'ஆர்'. ஆனால் 'ரெஃபரன்ஸ்' என்னும்போது அழுத்தம் முதலசைக்கு நகர்ந்துவிடுவதால் ஒரே 'ஆர்'. 'பிரிஃபரன்ஸ்' என்பதும் அவ்வாறே. 'அக்கரன்ஸ்' என்பதில் மட்டும் அழுத்தம் இருந்த இடத்திலேயே இருப்பதால் இரண்டு 'ஆர்' வேண்டும். விண்ணப்பங்களில் நான் மிகுதியாகத் திருத்த நேர்வது இந்தச் சொல்லைத்தான்.

'டிராவல்ட்' விஷயத்தில் உங்கள் மேலாளரும் சரி, கணினியும் சரி. அழுத்தம் முதலசையில் இருப்பதால் மேற்சொன்ன விதிப்படி ஒரு 'எல்' போதும். அமெரிக்கர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். 1828-இல் வெளிவந்த தம் அகராதியில் நோவா வெப்ஸ்டர் இத்தகைய சொற்களை ஒற்றை 'எல்' இட்டே பதித்தார். பிரிட்டிஷ் முறையில் 'எல்' என்ற எழுத்துக்கு மட்டும் தனிச் சலுகை. அழுத்தம் எங்கே இருந்தாலும் அது இரட்டிக்கும். 'கேன்சல்ட்', 'லேபிள்ட்' ஆகியவற்றுக்கும் இதே வேறுபாடு உண்டு. இந்திய அலுவலகங்களில் பிரிட்டிஷ் முறையே பெருவழக்கு என்பதால் மேலாளர் சொல்வதைப் பின்பற்றுங்கள். கணினியில் ஆவணத்தின் மொழி அமெரிக்க ஆங்கிலம் என்று இருக்கும்; அதைப் பிரிட்டிஷ் ஆங்கிலம் அல்லது இந்திய ஆங்கிலம் என்று மாற்றினால் சிவப்புக் கோடு மறைந்துவிடும். ஆனால் 'கேன்சலேஷன்' என்று எழுதும்போது எந்த முறையானாலும் இரண்டு 'எல்' போட வேண்டும். அழுத்தம் 'லே' என்பதில் இருக்கிறதே என்று அங்கே கணக்குப் பார்க்க வேண்டாம்.