கணிதம் பிடிபடாதவர் கடினமான அறிவியல் புனைகதையைப் பாதியில் விட்டுவிடலாமா?

ஆஸ்திரேலிய எழுத்தாளர் கிரெக் ஈகனின் ‘தி க்ளாக்வொர்க் ராக்கெட்’ (2011) நாவலை, இயற்பியல் விளக்கங்களைத் தாங்க முடியாமல் பாதியில் மூடிவிட்டதாகவும், முழுவதும் படித்ததாகச் சொல்பவர்கள் புரிந்ததுபோல் நடிக்கிறார்களோ என்று ஐயுறுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நடிப்பவன் என்ற பட்டம் எனக்கும் கிடைத்திருப்பதால் பதில் சொல்கிறேன்.

நான் வணிகவியல் பட்டதாரி. இயற்பியலைப் பள்ளியோடு விட்டவன். எங்கள் வாசகர் வட்டத்தில் இந்நாவல் பேச்சுக்கு வந்தபோது, “இது கதை தடவிய பாடநூல்” என்றார் ஒரு நண்பர். நான் ஒரு தாளில் செங்கோண முக்கோணம் வரைந்து காட்டினேன். நம் பிரபஞ்சத்தில், வேகமாகப் பயணம் செய்து திரும்புபவருக்குக் காலம் குறைவாகவே கழிந்திருக்கும்; ஏனெனில் அந்தக் கணக்கில், காலத்தின் வர்க்கத்திலிருந்து தூரத்தின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். ஈகன் அந்தக் கழித்தல் குறியைக் கூட்டல் குறியாக்கினார். உடனே அது நாம் மனப்பாடம் செய்த பிதாகரஸ் தேற்றமாகிவிடுகிறது: ஊரில் இருப்பவரின் காலம் ஒரு பக்கம், பயணம் செய்த தூரம் மறுபக்கம், பயணியின் காலம் கர்ணம். கர்ணமே நீளமானது என்பதால், ராக்கெட்டில் தலைமுறைகள் பிறந்து, ஆராய்ந்து, அழிவை எதிர்நோக்கும் தாய்க்கோளைக் காக்கும் வழியோடு திரும்பும்போது அங்கே சில ஆண்டுகளே கடந்திருக்கும். கதை முழுவதும் இந்தக் கர்ணத்தின்மேல்தான் நிற்கிறது.

“படம் போட்டு விளக்க வேண்டியது இலக்கியமாகாது” என்று அந்த நண்பர் முடித்துவிட்டார், மற்றவர்கள் சிரித்தார்கள். இயற்பியல் பக்கங்களைத் தாண்டிப் படிப்பது, கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது காப்பிக்கு எழுந்து போவதைப் போன்றது. தாராளமாகப் போகலாம், திரும்பி வந்து மிருதங்கம் சரியில்லை என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்நாவலில் உணர்ச்சியே இல்லை என்று சிலர் சொல்லும் குற்றச்சாட்டும் அப்படிப்பட்டதே. நாயகி யால்டாவின் இனத்தில், பிள்ளைப்பேற்றின்போது பெண்ணின் உடலே பிளந்து குழந்தைகளாகிவிடும், தாய் மிஞ்சமாட்டாள். ஆராய்ச்சியை வாழ்வாகக் கொண்ட ஒரு பெண்ணுக்கு இதைவிடக் கடுமையான நெருக்கடியை எந்தக் குடும்ப நாவலில் கண்டார்களோ, தெரியவில்லை.

அறிவியல் கணக்கின்மேல் நிற்கும் இவ்வகை நூல்களை வாசகர்கள் திட்டாமல் இருந்ததில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துத் திட்டினார்கள். ஹால் கிளெமென்ட் ‘மிஷன் ஆஃப் கிராவிட்டி’ நாவலுக்காக 1953இல் படைத்த மெஸ்க்ளின் கோளில், ஈர்ப்பு நடுக்கோட்டில் பூமியைப் போல 3 மடங்கு, துருவத்தில் ஏறத்தாழ 700 மடங்கு. பிழை கண்டுபிடிப்பதே வாசகரின் ஆட்டம் என்று அவரே கட்டுரையும் எழுதினார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக அறிவியல் புனைகதைச் சங்கத்தார் கணக்கிட்டு, அக்கோளின் நடுக்கோடு கூரிய விளிம்பாக இருக்கும் என்று காட்டினார்கள். லாரி நிவெனின் ‘ரிங்வேர்ல்ட்’ 1970இல் வந்தது; மறு ஆண்டு நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் எம்.ஐ.டி. மாணவர்கள், அந்நாவலில் ஒரு விண்மீனைச் சுற்றி அமைந்த செயற்கை வளையம் நிலையற்றது என்று கோஷமிட்டார்கள். நிவென் அதன் தொடர்ச்சியாக எழுதிய நாவலில் அதை நிலைநிறுத்த உந்துபொறிகளைப் பொருத்தினார்.

எல்லாம் எனக்கு விளங்கியது என்று சொல்லவில்லை. ஈகனின் இந்நாவல் வரிசையின் இரண்டாம் பாகத்தில் வரும் குவாண்டம் பகுதி இன்றும் பிடிபடவில்லை. நீங்கள் நின்ற இடம், மலைமேல் யால்டா விண்மீன்களின் வண்ணத் தடங்களை அளக்கும் பகுதியாக இருந்தால், அங்குள்ள வரைபடங்களை மட்டும் தாளில் ஒருமுறை வரைந்து பாருங்கள். அதன் பிறகும் சலிப்பாக இருந்தால் தயங்காமல் மூடிவிடலாம்.