மாப்பிள்ளை பைலட், தலை தீபாவளிக்கு வருவாரா?

(இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், சென்னை நங்கநல்லூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கணவர் விமான கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் ஃபர்ஸ்ட் ஆஃபீசராக, அதாவது துணை விமானியாகப் பறக்கிறார்.)

மகளுக்கு ஒரு பைலட் வரன் வந்திருக்கிறது. பையன் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. நல்ல சம்பளம், நல்ல குடும்பம். ஆனால் பெண் பார்க்க வந்த அன்றே, "தலை தீபாவளிக்கு வருவேன்னு இப்பவே வாக்குக் கொடுக்க முடியாது ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டார். இப்போதே இப்படிப் பேசுபவரை நம்பிப் பெண் கொடுக்கலாமா?
- வாசகி, திருச்சி

தாராளமாகக் கொடுக்கலாம். கட்டாயம் வருவேன் என்று அடித்துச் சொல்லியிருந்தால்தான் கொஞ்சம் யோசிக்கச் சொல்லியிருப்பேன்.

தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், மே மாத விடுமுறை என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும் நாட்களில்தான் விமான நிறுவனத்துக்கு வியாபாரம். அந்த வாரங்களில் இத்தனை பேருக்குத்தான் லீவ் என்று வரம்பு வைத்துவிடுவார்கள். அந்தக் கொஞ்சத்துக்கும் சீனியர்கள் முந்திக்கொள்வார்கள். இரண்டு வருடம் ஆன பையன் வரிசையின் கடைசியில்தான் நிற்க முடியும். அக்டோபரில் வேண்டிய லீவுக்குச் சித்திரை மாதமே எழுதிப் போட்டு, கிடைக்காமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

ஒன்று புரிந்துகொள்ளுங்கள். பைலட் வீட்டில் மூன்று தனித்தனிக் கணக்குகள் உண்டு. வருடத்துக்கு இத்தனை நாள் என்று கிடைக்கும் லீவ் ஒன்று. வாரா வாரம் சட்டப்படி கொடுத்தே ஆகவேண்டிய ஓய்வு இன்னொன்று. உடம்பு சரியில்லை என்றால் எடுக்கும் சிக் லீவ் மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது. "போன வாரம் ரெண்டு நாள் வீட்டில்தானே இருந்தார், அப்போது வந்திருக்கலாமே" என்று சம்பந்தி வீட்டில் கேட்பார்கள். அந்த இரண்டு நாளில் ஒரு நாள் அவர் தூங்கியே தீர்த்திருப்பார்.

இது போக ஸ்டாண்ட்பை என்று ஒன்று இருக்கிறது. ஆள் வீட்டில்தான் இருப்பார். சட்டை இஸ்திரி போட்டுத் தொங்கும், பெட்டி வாசலுக்கருகில் தயாராக நிற்கும், போன் குளியலறை வரைக்கும் கூடப் போகும். கூப்பிட்டால் கிளம்ப வேண்டும். கூப்பிடாமலும் போகலாம். அன்றைக்குப் போய் மாப்பிள்ளை விருந்து வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் பல தீபாவளிகளுக்கு ஊரே எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் விடிகாலையில் இவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பார். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் கண் சொக்கும் என்று என் மாமியார் உச்சியில் ஒரு சொட்டு மட்டும் வைத்து, வாயில் துளி லேகியம் கொடுத்து அனுப்பிவிடுவார். முழு எண்ணெய்க் குளியல் இவர் திரும்பி வந்த பிறகுதான். சில வருடம் அது மறுநாள் இரவு எட்டு மணிக்கு நடக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெடி தீர்ந்து உட்கார்ந்திருக்கும்போது எங்கள் வீட்டில் சரம் வெடிக்கும். என் பிள்ளைகளுக்கு அதில் தனிப் பெருமை.

சம்பளத்தைக் கேட்டுவிட்டீர்கள், சரி. இனி "பேஸ் எது?", அதாவது எந்த ஊரிலிருந்து பறக்கிறார் என்று கேளுங்கள். பையன் திருச்சிக்காரராக இருந்தாலும் பேஸ் டெல்லி என்றால் உங்கள் பெண்ணுக்கு டெல்லி வாசம்தான். பிடிக்கவில்லை என்று சட்டென வேறு நிறுவனத்துக்கு மாறவும் முடியாது. 2017இல் வந்த விதிப்படி ஃபர்ஸ்ட் ஆஃபீசர் ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருடமும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

என் மருமகன் பைலட். லேசாகச் சளி பிடித்தாலும் சிக் லீவ் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்கிறார். நான் மில்லில் இருந்தபோது காய்ச்சலோடு நைட் ஷிஃப்ட் பார்த்தவன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு சொகுசா?
- வாசகர், கோவை

ஐயா, நீங்கள் ஊட்டியிலிருந்து சளியோடு மலை இறங்கியிருக்கிறீர்களா? பர்லியார் தாண்டுவதற்குள் காது அடைத்து "விண் விண்" என்று தெறிக்குமே, அதேதான். விமானத்துக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குக் குறையலாம். ஊட்டியே 7,300 அடிதான். நீங்கள் மலை இறங்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானம் அரை மணியில் இறங்கிவிடும். மூக்கும் காதும் அடைத்திருந்தால் வலி உயிர் போகும், செவிப்பறை கிழிந்தும் போகலாம். அந்த வலி வரும் நேரம் தரையிறங்கும் நேரம். பின்னால் 180 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதானே என்பீர்கள். கடையில் கேட்டதும் கொடுக்கும் சளி மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கொண்டுவரும். அதைப் போட்டுக்கொண்டு பறக்கக் கூடாது. இருமல் டானிக்கிலும் ஹோமியோபதிச் சொட்டு மருந்திலும் ஆல்கஹால் இருக்கலாம். நம் தசமூலாரிஷ்டத்தில் நிச்சயம் உண்டு. வேலைக்குப் போனவுடன் இயந்திரத்தில் ஊதிக் காட்ட வேண்டும். துளி ஆல்கஹால் தெரிந்தாலும், முதல் முறை என்றால் மூன்று மாதத்துக்கு உரிமம் முடக்கம், இரண்டாவது முறை மூன்று வருடம், மூன்றாவது முறை உரிமமே ரத்து. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ்கூட வேண்டாம் என்று, விமானத் துறைக்கு விதி போடும் அரசு அமைப்பான டிஜிசிஏ சொல்லியிருக்கிறது. அதனால் உங்கள் வீட்டம்மா அன்போடு அரிஷ்டம் ஊற்றிக் கொடுத்தால் மருமகன் வேண்டாம் என்பார், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுக்குக் கஷாயம் கொடுங்கள், குடிப்பார்.

அப்புறம், உடம்பு சரியில்லை என்று தெரிந்தும் பறந்தால் அதுவே விதிமீறல். தகுதியாக இருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வது உரிமம் வைத்திருப்பவரின் பொறுப்பு. மில்லில் தறி நின்றால் நாளைக்கு ஓட்டிக்கொள்ளலாம் ஐயா.

அக்கா, இந்த வருடம் கணவருக்குத் தீபாவளி லீவ் கிடைக்கவில்லை. "ஒரு நாள் சிக் போட்டால் என்ன?" என்று கேட்டேன். முடியாது என்று சொல்லிவிட்டுப் பறக்கப் போய்விட்டார். குடும்பத்தைவிடக் கம்பெனி பெரிதாகிவிட்டதா? இரண்டு வாரமாகப் பேசவில்லை.
- பெயர் வேண்டாம், மதுரை

முதலில் பேசிவிடுங்கள். இரண்டு வாரம் ரொம்ப அதிகம்.

கோபம் எனக்குப் புரிகிறது. சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு தனியாகக் கம்பி மத்தாப்பு கொளுத்துவது சுலபமில்லை. ஆனால் நீங்கள் கேட்டது அவர் கம்பெனியிடமிருந்து எடுக்கிற நாள் இல்லை. அவர் சிக் போட்ட அடுத்த நிமிடம், அவருக்குப் பதிலாக ஸ்டாண்ட்பையில் இருக்கும் ஒருவருக்குப் போன் போகும். அந்த வீட்டிலும் ஒரு பெண் வடைக்கு ஊறப்போட்டு வைத்திருப்பாள். நான் அந்த வீட்டிலும் இருந்திருக்கிறேன், இலை போட்ட பிறகு போன் வந்திருக்கிறது. யார் நிஜமாகக் காய்ச்சலில் படுத்தார்கள், யாருக்குப் பண்டிகைக் காய்ச்சல் என்பது க்ரூ வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். பண்டிகை வாரத்தில் சிக் போட்டால் டாக்டர் சர்டிஃபிகேட் கேட்பதும் வழக்கம்தான்.

கூட்டாகச் சிக் போட்டு நிர்வாகத்துக்குச் செய்தி சொல்வதும் நடக்கிறது. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் கேபின் ஊழியர்கள் நிறையப் பேர் ஒரே நேரத்தில் சிக் என்றார்கள், விமானங்கள் ரத்தாயின. நிறுவனம் சிலரை வேலையிலிருந்து நீக்கியது. பிறகு டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேசி முடித்து, நீக்கத்தைத் திரும்பப் பெற்றார்கள். அவர்கள் மனக்குறை நியாயமா என்பது வேறு விஷயம். ஆனால் சிக் லீவை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால், நாளைக்கு நிஜமாகவே முடியாமல் போன் செய்கிறவரின் பேச்சு எடுபடாது.

பொங்கலுக்கு இப்போதே எழுதிப் போடச் சொல்லுங்கள். அந்த வாரம் முழுக்கக் கேட்டால் கிடைப்பது கஷ்டம். காணும் பொங்கலையும் அடுத்த நாளையும் மட்டும் கேட்டுப் பார்க்கட்டும்.

2025 டிசம்பரில் தங்கை கல்யாணத்துக்கு வந்துகொண்டிருந்த எங்கள் உறவினர்கள் பெங்களூரு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு, முகூர்த்தம் முடிந்த பிறகுதான் வந்தார்கள். பைலட்டுகளுக்கு 48 மணி நேர ஓய்வு கொடுத்ததால்தான் இவ்வளவும் என்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் லீவ் போதாதா? நாங்கள் எல்லாம் அப்படித்தானே வாழ்கிறோம்?
- வாசகர், தூத்துக்குடி

கல்யாணத்தைத் தவறவிட்டவர்களிடம் நியாயம் பேசுவது கஷ்டம். ஆனாலும் சொல்கிறேன்.

நமக்கு ஞாயிற்றுக்கிழமை லீவ் என்றால் சனி இரவும் ஞாயிறு இரவும் நம் படுக்கையில் தூங்குகிறோம். பைலட்டுக்கு இன்றைக்கு விடிகாலை மூன்று மணிக்கு வண்டி வரும், மறுநாள் மாலை. அதற்கு அடுத்த நாள் நடு இரவில் தரையிறக்கம். முன்பு வார ஓய்வு 36 மணி நேரம். மாலையில் வந்து படுத்தால் ஒரு இரவு, ஒரு பகல், இன்னொரு இரவு என்று அதிலேயே கரைந்துவிடும். உடம்பு எப்போது இரவு, எப்போது பகல் என்று தெரியாமல் முழிக்கும். விடிகாலை இரண்டு மணிக்கு மேல் ஆறு மணி வரை மூளை மந்தமாக இருக்கும் என்பது நிரூபணமானது. அந்த நேரத்தில் என் கணவரிடம் வீட்டு வாடகையைக் கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வார்.

2024 ஜனவரியில் டிஜிசிஏ புதிய விதிகளை வெளியிட்டது. வார ஓய்வு 48 மணி நேரம் ஆனது. இரவு என்பது நள்ளிரவு முதல் ஆறு மணி வரை என்று நீண்டது. இரவில் ஆறு தரையிறக்கம் வரை இருந்த அனுமதி இரண்டாகக் குறைந்தது. இதை அந்த ஜூனிலேயே நடைமுறைக்குக் கொண்டுவருவதாக இருந்து, தள்ளிப்போட்டு, டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் 2025 ஜூலை 1இல் ஒரு பகுதியும் நவம்பர் 1இல் மீதியும் அமலுக்கு வந்தன. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. விதி வருகிறது என்பது ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே தெரியும். ஆள் எடுக்க, ரோஸ்டர் எனப்படும் பணி அட்டவணையைத் திருத்த அவகாசம் இருந்தது. என்னைக் கேட்டால், கோபப்பட வேண்டியது தூங்கப்போன பைலட் மேல் இல்லை.

அந்த விதிகளோடு "வார ஓய்வுக்குப் பதிலாக லீவைக் கணக்குக் காட்டக் கூடாது" என்றும் ஒரு வரி இருந்தது. திருச்சி வாசகிக்குச் சொன்னேனே, மூன்று கணக்கு என்று, அதேதான். நெருக்கடி முற்றியதும் டிசம்பர் 5ஆம் தேதி அந்த வரியைத்தான் விலக்கிக்கொண்டார்கள். நான்கு நாள் லீவ் எடுத்துப் பெண்ணின் காதுகுத்துக்குப் போனால், அதற்குள்ளேயே வார ஓய்வும் அடங்கிவிட்டது என்று நிறுவனம் சொல்ல வழி பிறந்தது. வெளியில் இருப்பவர்களுக்குச் சின்ன விஷயம். எங்களைப் போன்ற வீடுகளில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பைலட் ஆக ஆசை. கல்யாணம், குழந்தை என்று வந்தால் என்ன செய்வாள்?
- வாசகர், தஞ்சாவூர்

பெண் பைலட்டுகளின் விகிதத்தில் உலக சராசரியைவிட இந்தியா எவ்வளவோ மேலே. அதனால் அவள் தனியாள் இல்லை.

குழந்தை என்றால், தெரிந்தவுடன் நிறுவன மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், பறப்பது அப்போதே நிற்கும். சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பல நிறுவனங்களில் சம்பளத்தின் பெரும் பகுதி பறக்கும் மணிக்கணக்கை வைத்துத்தான், பறக்காத மாதங்களில் அது குறையும். பயிற்சிக்கு வாங்கிய கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதை முதலிலேயே கணக்குப் போட்டு வைக்க வேண்டும். திரும்பி வரும்போது மருத்துவத் தகுதி, சிமுலேட்டர் என்ற மாதிரி விமானத்தில் பயிற்சி, 90 நாளுக்குள் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங் என்ற விதி எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு விதிப் புத்தகத்தில் பதில் கிடையாது. எங்கள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்வது கேப்டன்தான். பாலாடையைக் கையில் எடுத்தால் செக்லிஸ்ட் படிப்பார்.

பைலட் குடும்பத்துக்கு விமானப் பயணம் இலவசமாமே? கொடுத்து வைத்தவர்கள்!
- வாசகர், சேலம்

சலுகை டிக்கெட் உண்டு. ஆனால் காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறிய பிறகு இடம் மிச்சம் இருந்தால்தான் நமக்கு. தீபாவளிக்கு எங்கே மிச்சம் இருக்கப்போகிறது? நாங்கள் மதுரைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில்தான் போவோம். அதற்கும் இரண்டு மாதம் முன்பே நான்தான் டிக்கெட் போட வேண்டும்.