டார்க் (torque) மோடில் போட்டால் வேகம் யார் பொறுப்பு? டிரைவ் கேள்வி பதில்

கேள்வி: சார், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் டிரைவை டார்க் மோடில், அதாவது சுழற்றும் விசையை செட் செய்யும் மோடில் போட்டேன். ஓடவேண்டிய வேகத்தை எங்கே செட் செய்வது?

பதில்: செய்ய முடியாது, விஷயமே அதுதான். ஸ்பீடு மோடில் 1000 ஆர்பிஎம் கேட்டால், அந்த வேகத்தில் நிற்க எவ்வளவு டார்க் தேவையோ அதை டிரைவ் தானே பார்த்துக் கொடுக்கும். டார்க் மோடில் 20 நியூட்டன் மீட்டர் கேட்டால் அதை மட்டும்தான் கொடுக்கும். வேகம் என்ன ஆகும் என்பது லோடின் பாடு. லோடு விட்டுப்போனால் மோட்டார் ஏறிக்கொண்டே போகும். அதனால் முதலில் ஸ்பீடு லிமிட்டைப் போடுங்கள். நான் ஒருமுறை அதை மறந்து ரீவைண்டரை (பிலிமை ரோலாகச் சுற்றும் இயந்திரம்) ஓட்டி, பிலிம் அறுந்ததும் மோட்டார் ஊளையிட ஆரம்பிக்க, எமர்ஜென்சி பட்டனைத் தேடி ஓடியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, எங்கள் ரீவைண்டரும் டார்க் மோடுதான். ஆரம்பத்தில் சுற்று இறுக்கமாக வருகிறது, ரோல் பெரிதாகப் பெரிதாக லூஸாகிறது. டிரைவ் கோளாறா?

பதில்: டிரைவ் மேல் தப்பே இல்லை. இழுவையை ரோலின் ஆரத்தால் பெருக்கினால் வருவதுதான் டார்க். 200 நியூட்டன் இழுவை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 10 செ.மீ. விட்டமுள்ள கோரில் (பிலிம் சுற்றும் நடுக்குழாய்) ஆரம் 0.05 மீட்டர், 10 நியூட்டன் மீட்டர் போதும். அதே ரோல் 60 செ.மீ. ஆகும்போது 60 வேண்டும். நீங்கள் 10-லேயே விட்டுவைத்தால் இழுவை 33 நியூட்டனுக்கு இறங்கிவிடும், அப்புறம் லூஸாகாமல் என்ன செய்யும்? லைன் வேகத்தையும் ரோல் சுற்றும் வேகத்தையும் வைத்து விட்டத்தைக் கணக்கிட்டு டார்க்கை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இதெல்லாம் ரோல் ஷாஃப்டில் உள்ள கணக்கு, நடுவில் கியர் இருந்தால் அதன் விகிதத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வோல்டேஜையும் ஹெர்ட்ஸையும் ஒரே விகிதத்தில் மாற்றும் வி/எஃப் மோடிலேயே கரண்ட் லிமிட்டைக் குறைத்து வைத்தால் டார்க் கன்ட்ரோல் ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. வி/எஃப் 50 ஹெர்ட்ஸுக்கு 415 வோல்ட், 25-க்குப் பாதி என்று கொடுத்துக்கொண்டே போகும், அவ்வளவுதான். வெக்டர் மோடுதான் கரண்டை இரண்டாகப் பிரிக்கிறது: காந்தப்புலத்துக்கு ஒரு பங்கு, டார்க்குக்கு ஒரு பங்கு. அது ஒழுங்காக நடக்க மோட்டார் விவரம் சரியாக இருக்க வேண்டும். நேம் பிளேட்டில் 1440 என்று இருக்க, ‘4 போல் மோட்டார்தானே’ என்று 1500 அடித்துவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 1500 என்பது 50 ஹெர்ட்ஸில் காந்தப்புலம் சுற்றும் வேகம், 1440 லோடில் ஷாஃப்ட் சுற்றும் வேகம், இடையிலுள்ள வித்தியாசம்தான் ஸ்லிப். அப்படிச் செய்தால் ஸ்லிப்பே இல்லாத மோட்டார் என்றாகிவிடும். சரியான எண்ணைக் கொடுத்து, முடிந்தால் கப்ளிங்கை (மோட்டாரை லோடுடன் இணைப்பது) கழற்றிவிட்டு ஆட்டோ டியூனிங் செய்யுங்கள், டிரைவ் மோட்டாரைத் தானே அளந்துகொள்ளும்.

கேள்வி: எடை தூக்கும் ஹாய்ஸ்ட்டுக்கு டார்க் மோடு?

பதில்: வேண்டவே வேண்டாம். கொக்கியில் தொங்கும் எடை ஒவ்வொரு முறையும் மாறும், நீங்கள் செட் செய்த டார்க் மாறாது. ஷாஃப்டின் சுழற்சியை அளக்கும் என்கோடர் போட்ட வெக்டர், ஸ்பீடு மோடு.

கேள்வி: ஒரே ஷாஃப்டில் இரண்டு மோட்டார், இரண்டு டிரைவ், இரண்டும் ஸ்பீடு மோடு. ஒன்று 90 சதவீத லோடில் திணறுகிறது, இன்னொன்று 20-ல் சும்மா சுற்றுகிறது. ஏன்?

பதில்: ஷாஃப்ட் ஒன்று, எஜமான் இரண்டு. வேகத்தில் இம்மி வித்தியாசம் இருந்தாலும் ஒருவர் இழுக்க மற்றவர் விட்டுக்கொடுப்பார். ஒன்றை ஸ்பீடு மோடில் மாஸ்டராக வையுங்கள், அதன் டார்க் ரெஃபரன்ஸை (எவ்வளவு டார்க் வேண்டும் என்ற கட்டளை) மற்றதற்குக் கொடுத்து அதை டார்க் மோடில் பின்தொடர விடுங்கள். கப்ளிங் உடைந்தால்? மறுபடியும் அந்த ஸ்பீடு லிமிட்தான்.